வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஹார்மோன் மாத்திரை தொடங்கும் முன்: குமரி எல்லைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூட வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்; இப்போது சில வருடங்களாக லாமோட்ரிஜின். வலிப்பு அடங்கி நிம்மதியாக இருந்த நேரத்தில், மாதவிடாய் ஒழுங்கில்லை, சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது என்று ஒரு மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். சில வாரங்களுக்குள் வலிப்பு திரும்பி வந்தது. தூக்கம் கெட்டிருக்கும் என்றார்கள், மனக்கவலை என்றார்கள், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு வேளை கூட நான் விட்டிருக்கவில்லை. கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, புது மாத்திரை பழைய மாத்திரையின் அளவை ரத்தத்தில் பாதியாக்கிவிட்டது என்று விளக்கினார்.

எனக்கு எழுதப்பட்ட இரண்டு மருந்துமே தனித்தனியாகப் பார்த்தால் சரியான மருந்துதான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க ஆள் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. எல்லைப் பக்கத்தில் இது இன்னும் அதிகம் நடக்கும்: வலிப்புக்குத் திருவனந்தபுரம், மாதவிடாய்க்கு மார்த்தாண்டம் அல்லது நாகர்கோவில், மாத்திரை வாங்குவது வீட்டுப் பக்கத்துக் கடையில். ஒரு இடத்துக் கோப்பு இன்னொரு இடத்துக்குப் போகாது.

தொடங்கும் முன் ஒன்று. நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் எதைக் காட்டுவது, எதைக் கேட்பது, எப்போது போவது என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

1. உங்கள் வலிப்பு மாத்திரை எந்த வகை என்று பாருங்கள்

மாத்திரை அட்டையின் பின்பக்கம் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். ஹார்மோன் விஷயத்தில் வலிப்பு மருந்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் கூட்டம், கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைப்பவை. ஃபெனிடோயின் (எப்டாயின்), கார்பமசெபின் (டெக்ரிடால், மாசெடால்), ஃபீனோபார்பிடோன் (கார்டினால்), பிரிமிடோன் ஆகியவை இதில் வரும். ஆக்ஸ்கார்பசெபின், எஸ்லிகார்பசெபின், ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிடும் டோபிராமேட், 12 மில்லிகிராம் அளவில் பெராம்பனெல் ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இவை கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகளை அதிகமாக்கும். நீங்கள் சாப்பிட்ட ஹார்மோன் தன் வேலையைச் செய்யும் முன்பே உடைந்து வெளியே போய்விடும். கருத்தடைக்குச் சாப்பிட்டால் கரு தங்கலாம். ரத்தப்போக்குக்குச் சாப்பிட்டால் போக்கு நிற்காது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் இடையில் ரத்தம் கசிந்தால், இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மாத்திரை உங்கள் சீட்டில் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

இரண்டாவது கூட்டத்தில் முக்கியமாக ஒரே ஒரு மருந்து: லாமோட்ரிஜின் (லாமிட்டார், லாமெடெக்). இதில் விஷயம் தலைகீழ். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ள மாத்திரை சாப்பிட்டால் லாமோட்ரிஜின் உடம்பை விட்டு வேகமாக வெளியேறும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையலாம், அதுவும் ஒன்றிரண்டு வாரத்துக்குள். எனக்கு நடந்தது இதுதான். லாமோட்ரிஜினோடு வால்ப்ரோயேட்டும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இறக்கம் பெரிதாகத் தெரியாது. இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள மருந்துகளால் லாமோட்ரிஜின் அளவு இப்படி விழுவதில்லை.

மூன்றாவது கூட்டம், ஹார்மோனோடு பெரிதாக மோதாதவை. லெவிடிரசெடாம் (லெவிபில், லெவெரா), கிளோபசாம் (ஃப்ரிசியம்), லாகோசமைட், கபாபென்டின், சோனிசமைட் போன்றவை. சோடியம் வால்ப்ரோயேட்டும் (வால்பாரின், என்கோரேட்) ஹார்மோனின் பலனைக் கெடுக்காது. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்தால் வால்ப்ரோயேட்டின் அளவு ஓரளவு குறையக்கூடும். ஆனால் அதற்கு வேறு சிக்கல் இருக்கிறது: மாதவிடாய் தள்ளிப்போவது, எடை கூடுவது, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவை வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்களிடம் அதிகம். நீர்க்கட்டிக்கு ஹார்மோன் மாத்திரை எழுதும் முன், 'இந்த வலிப்பு மாத்திரையால்கூட இது வந்திருக்குமா?' என்று கேளுங்கள். கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும் ஆபத்தும் வால்ப்ரோயேட்டில்தான் மிக அதிகம்.

என் மனதை மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் காலம் காலமாக இலவசமாகக் கிடைத்து வரும் வலிப்பு மாத்திரைகளில் பெரும்பாலானவை முதல் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதே மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் கருத்தடை மாத்திரை மாலா என். காசில்லாத ஒரு பெண் இரண்டையும் ஒரே வளாகத்தில் வாங்கிக்கொண்டு, தான் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பாள். உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படி இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.

2. ஹார்மோன் எந்தெந்தப் பெயரில் கைக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'நான் ஹார்மோன் எதுவும் சாப்பிடவில்லையே' என்று பலர் சொல்வார்கள். 'பீரியட்ஸ் மாத்திரை', 'கட்டி மாத்திரை', 'முகப்பரு மாத்திரை' என்று கொடுக்கப்படுவதில் பெரும்பகுதி ஹார்மோன்தான். டயேன் 35, கிரிம்சன் 35, ஜினெட் 35, யாஸ்மின், ஓவ்ரல் எல், நோவலான், மாலா என் எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. டெவிரி, மெப்ரேட், டுஃபாஸ்டன், சஸ்டென் ஆகியவை புரோஜெஸ்டிரோன் பக்கம். அவசரக் கருத்தடை மாத்திரைகளான ஐ-பில், அன்வாண்டட் 72 ஆகியவையும் ஹார்மோன்.

பிரிமோலட் என், ரெஜஸ்ட்ரோன் என்று விற்கும் நோரெதிஸ்டிரோனைத் தனியாகச் சொல்ல வேண்டும். மண்டைக்காட்டுக் கொடைக்கும் ஆற்றுக்கால் பொங்கலுக்கும் போகிற நம் பக்கத்துப் பெண்கள் மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கலில் கேட்டு வாங்குவது இதைத்தான். கடைக்காரரும் ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிடுவார். தள்ளிப்போடச் சாப்பிடும் அளவில் நோரெதிஸ்டிரோனின் ஒரு சிறு பகுதி உடம்பிலேயே ஈஸ்ட்ரோஜனாக மாறும். அதனால் லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. எப்டாயினோ டெக்ரிடாலோ சாப்பிடுகிறவர்களுக்கு இது வேலை செய்யாமலே போகலாம். இதோடு விரதம், இரவு முழுக்கப் பயணம், தூக்கமின்மை, வெயிலில் நின்று அடுப்பு மூட்டுவது என்று எல்லாம் சேர்ந்தால் வலிப்பு வர வேறு காரணமே வேண்டாம். பொங்கலுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டையும் அன்றைக்கு விடாதீர்கள்.

ஹார்மோன் இல்லாத டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் அதிக ரத்தப்போக்குக்கு எழுதுவார்கள். வலிப்பு உள்ளவர்களிடம் அதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் அதற்கும் முன்னால் உங்கள் நோயைச் சொல்லிவிடுங்கள்.

3. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாள் போதும். மேலே உங்கள் பெயர், வயது, எடை. அதன் கீழே வலிப்பு எந்த வயதில் வந்தது, எப்படி வரும், கடைசியாக வந்த தேதி. பிறகு இப்போது சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் உண்மைப் பெயர், பிராண்ட், எத்தனை மில்லிகிராம், காலை எத்தனை இரவு எத்தனை. முன்பு சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாத மாத்திரை இருந்தால், முக்கியமாகத் தோலில் தடிப்பு வந்திருந்தால், அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

ஆயுர்வேதக் கஷாயம், சித்த மருந்து, கடையில் வாங்கும் சத்து மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மறக்கவே கூடாது. அதில் உள்ள ரிஃபாம்பிசினும் முதல் கூட்டத்து மாத்திரைகளைப் போலவே ஹார்மோனை உடைத்துவிடும், இன்னும் பலமாக.

தாளின் பின்பக்கத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். கருத்தடை வேண்டுமா, ரத்தப்போக்கு நிற்க வேண்டுமா, நீர்க்கட்டிக்கா, முகத்தில் முடிக்கா? ஏன் என்றால் தேவையைப் பொறுத்து ஹார்மோனே இல்லாத வழி இருக்கலாம். தாளைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

தாளைத் தயார் செய்தும் அதைக் காட்ட முடியாத பெண்கள் இருக்கிறார்கள். கல்யாணத்தின்போது வலிப்பை மறைத்துவிட்டார்கள். இப்போது மகப்பேறு மருத்துவர் அறையில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா?' என்று டாக்டர் கேட்கும்போது வாய் திறக்க முடியாது. இதற்கு ஒரு வழி, ஓ.பி. சீட்டு போடும்போதே நர்ஸிடம் 'டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்' என்று சொல்லிவிடுவது. உள்ளே பரிசோதனை மேசைக்குக் கூப்பிடும் நேரத்திலும் தாளைக் கொடுக்கலாம். வலிப்பு இருப்பது தெரிந்தால் கல்யாணமே செல்லாது என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது; 1999இல் அதை நீக்கிவிட்டார்கள்.

4. இரண்டு மூன்று மாதத்துக்குக் காலண்டர் குறியுங்கள்

அவசரம் இல்லை என்றால் டாக்டரைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரிலோ போனிலோ, மாதவிடாய் தொடங்கிய நாளை ஒரு குறியாலும் வலிப்பு வந்த நாளை இன்னொரு குறியாலும் குறியுங்கள். விழுந்து துடிப்பது மட்டும் வலிப்பில்லை. கை வெட்டி இழுப்பது, சில நொடி நினைவு தப்புவது, வெறித்துப் பார்ப்பது எல்லாம் சேரும். நமக்கே தெரியாமல் வந்து போவதை வீட்டில் இருப்பவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள்.

சிலருக்கு மாதவிடாய்க்கு மூன்று நாள் முன்பிருந்து தொடங்கி மூன்றாவது நாள் வரை வலிப்பு கூடும். வேறு சிலருக்குச் சுழற்சியின் நடுவில். ஈஸ்ட்ரோஜன் பொதுவாக மூளையைத் தூண்டும், புரோஜெஸ்டிரோன் அடக்கும் என்பதால் மாதத்தில் இவை ஏறி இறங்கும்போது வலிப்பும் மாறுகிறது. இப்படி ஒரு ஒழுங்கு உங்கள் காலண்டரில் தெரிந்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி. அந்த நாட்களுக்கு மட்டும் கிளோபசாம் கொடுப்பதும், சிலருக்கு மாதத்தின் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் கொடுப்பதும் உண்டு. அப்படிப் புரோஜெஸ்டிரோன் எழுதினால், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு கிளம்பக்கூடும்.

5. முதலில் வலிப்பு டாக்டர், அப்புறம் மகப்பேறு டாக்டர்

வரிசை முக்கியம். மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் வேண்டும் என்று சொன்னால், சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரையைத் தொடங்காமல் வலிப்பு டாக்டரிடம் போங்கள். ரத்தம் நிற்காமல் போகிறது, மயக்கம் வருகிறது என்ற நிலை இருந்தால் இது பொருந்தாது. அப்போது உடனே சிகிச்சை எடுக்க வேண்டியதுதான், வலிப்பு மாத்திரைத் தாளை மட்டும் கையில் கொடுத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நரம்பியல் பிரிவு எந்தக் கிழமை என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் பொது மருத்துவப் பிரிவில் சீட்டு வாங்கி மறுபடியும் அலைய வேண்டிவரும். இங்கே உள்ள வசதி, ஒரே வளாகத்தில் மகப்பேறுப் பிரிவும் இருப்பது. ஒரு பிரிவின் சீட்டை இன்னொரு பிரிவில் அன்றைக்கே காட்டிவிடலாம்.

எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகம். மத்திய அரசின் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. வலிப்புக்கென்றே தனி மையம் அதில் உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் அதே வளாகம். ஸ்ரீ சித்திரைக்குப் புதிதாகப் போகிறவர்கள் உள்ளூர் மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வாங்கி, முன்பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கடிதத்தில் 'வலிப்பு நோய்க்கு மேல்சிகிச்சை' என்று மட்டும் எழுதாமல், ஹார்மோன் சிகிச்சை தேவைப்படுகிறது, மருந்துகளைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் முதலிலேயே புரியும்.

கொண்டு போக வேண்டியவை: ஆதார், பரிந்துரைக் கடிதம், அந்த ஒரு தாள், காலண்டர், பழைய சீட்டுகள், இ.இ.ஜி. அறிக்கை, எம்.ஆர்.ஐ. படமும் சி.டி.யும், மகப்பேறு மருத்துவரின் சீட்டு, வயிற்று ஸ்கேன் அறிக்கை, மீதி மாத்திரை அட்டைகள். அறிக்கைகளின் நகல் ஒரு செட் எடுத்துவிட்டு மூலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். உள்நோயாளியாகச் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு அது பெரிய உதவி, ஓ.பி.யில் டாக்டரைப் பார்த்து மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்குக் கைக்காசுதான். மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் வலிப்பு மாத்திரை விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, 7ஆம் பகுதியில் சொல்கிறேன்.

நேரம். களியக்காவிளையிலிருந்து பஸ்ஸில் தம்பானூர், அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் பஸ். பாலராமபுரம் நெரிசலையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்வது நல்லது. குழித்துறையிலிருந்தோ பாறசாலையிலிருந்தோ காலை ரயிலைப் பிடித்தால் களைப்பு குறைவு. கிளம்பும் முன் அன்றைக்குக் கேரளத்தில் ஹர்த்தால் இருக்கிறதா, அரசு விடுமுறையா என்று பாருங்கள். நமக்கு வேலை நாளாக இருப்பது அங்கே விடுமுறையாக இருக்கும். ஆற்றுக்கால் பொங்கல் வாரத்தில் நகரத்துக்குள் நுழைவதே கஷ்டம். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள், வெறும் வயிற்றில் போகாதீர்கள்.

6. மாத்திரை தொடங்கும் முன் ரத்தத்தில் மருந்து அளவு

லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். ஹார்மோன் தொடங்குவதற்கு முன் ஒரு முறை, தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை ரத்தத்தில் மருந்து அளவைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முதல் அளவு இல்லாமல் இரண்டாவதை வைத்து எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியாது. வலிப்பு இல்லாமல் நன்றாக இருக்கும்போது எடுத்த அளவுதான் உங்களுக்கான அளவுகோல்.

ரத்தம் கொடுப்பது காலை மாத்திரைக்கு முன்னால். அதற்காக மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. கைப்பையில் வைத்திருந்து, ரத்தம் கொடுத்ததும் அங்கேயே தண்ணீர் வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். ஆய்வகத் தாளில் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதச் சொல்லுங்கள். ஃபெனிடோயின், கார்பமசெபின், வால்ப்ரோயேட் அளவுகளைப் பெரும்பாலான பெரிய ஆய்வகங்கள் பார்க்கும். லாமோட்ரிஜினுக்குச் சாம்பிளை வெளியூருக்கு அனுப்புவார்கள். அதனால் செலவும் கூடும், முடிவு வரச் சில நாட்களும் ஆகும். டாக்டரை மறுபடி பார்க்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

7. முதல் மூன்று மாதம் கவனிக்க வேண்டியவை

பரீட்சை, கல்யாண வீடு, நீண்ட பயணம் எதுவும் இல்லாத மாதத்தில் தொடங்குங்கள். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

லாமோட்ரிஜினோடு சேரும்போது பலரும் விழும் பொறி, மாத்திரை இல்லாத வாரம். கருத்தடை மாத்திரைகள் பெரும்பாலும் 21 நாள் ஹார்மோன், 7 நாள் இடைவெளி. மாலா என் அட்டையில் அந்த ஏழு நாளைக்கும் இரும்புச்சத்து மாத்திரை இருக்கும். அதில் ஹார்மோன் கிடையாது. அந்த ஏழு நாளில் லாமோட்ரிஜின் அளவு மேலே ஏறும். அடுத்த அட்டை தொடங்கியதும் மறுபடி விழும். ஊஞ்சல் மாதிரி மாதா மாதம் இது நடக்கும். ஹார்மோனுக்காக லாமோட்ரிஜினைக் கூட்டியிருந்தால், இடைவெளி வாரத்தில் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம் வரலாம். இவை மருந்து கூடிப்போனதற்கு அடையாளம். இடைவெளி விடாமல் தொடர்ந்து சாப்பிடும் முறை இருக்கிறது. அது உங்களுக்குச் சரிவருமா, அல்லது ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழி நல்லதா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

லாமோட்ரிஜினைக் கூட்டும்போது தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் வந்தால் அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து நாளுக்கு மேல் லாமோட்ரிஜின் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது, மறுபடி கீழிருந்து ஏற்ற வேண்டும்.

மருந்துக் கடையில் நடப்பது இன்னொரு பொறி. திருவனந்தபுரத்தில் எழுதிய பிராண்ட் மார்த்தாண்டத்தில் இருக்காது. 'இது அதேதான்' என்று வேறு அட்டையைத் தருவார்கள். மருந்து ஒன்றாகவே இருந்தாலும், ஹார்மோன் புதிதாகத் தொடங்கியிருக்கும் இந்த மூன்று மாதத்தில் பிராண்டை மாற்றாதீர்கள். வலிப்பு வந்தால் எது காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். விலை குறைவான கடைக்கு மாற வேண்டும் என்றால் முன்பே மாறி, நிலைத்த பிறகு ஹார்மோனைத் தொடங்குங்கள். ஒரு மாத மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

வலிப்பு வந்தால் வீட்டில் இருப்பவர்கள் மணி பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவியோ இரும்போ கொடுத்துப் பயன் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான்.

8. ஹார்மோனை நிறுத்தும்போதும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

தொடங்கும்போது இருக்கும் கவனம் நிறுத்தும்போது இருப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனுக்காக லாமோட்ரிஜினைக் கூட்டியிருப்பார்கள். நீங்கள் மாதவிடாய் சரியாகிவிட்டது என்று அட்டையை நிறுத்திவிட்டால் அந்தக் கூட்டிய அளவு முழுதும் உடம்பில் தங்கும். மேலே சொன்ன தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். நிறுத்தும் தேதியை முன்பே வலிப்பு டாக்டரிடம் சொல்லி, எப்போது எவ்வளவு குறைப்பது என்று எழுதி வாங்குங்கள்.

எப்டாயின், டெக்ரிடால் போன்றவற்றை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாறுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. கல்லீரலின் வேகம் அடங்க நான்கு வாரம் வரை ஆகும். அந்த 28 நாள் முடியும் வரை ஹார்மோன் கருத்தடையை மட்டும் நம்பக் கூடாது.

9. தேவை கருத்தடைதான் என்றால்

முதல் கூட்டத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரண கருத்தடை மாத்திரையும், கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் நம்பகம் இல்லை. காப்பர் டி நம்பகமானது. ஹார்மோனே இல்லாததால் எந்த வலிப்பு மாத்திரையோடும் மோதாது. அரசு மருத்துவமனையில் இலவசம். காப்பர் டி 380ஏ என்ற வகை பத்து வருடத்துக்கு. ரத்தப்போக்கு ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடலாம். அவர்களுக்குக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், மிரினா என்று கேட்டால் தெரியும், பொருத்தமாக இருக்கும். ஹார்மோன் அங்கேயே வேலை செய்வதால் கல்லீரல் அதைக் கெடுப்பதில்லை. விலை சில ஆயிரங்கள் என்றாலும் பல வருடம் நிற்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். வலிப்பு மாத்திரைகளால் அதன் பலன் குறைவதில்லை. ஆனால் அந்த ஊசியும் எலும்பைக் கொஞ்சம் மெலிய வைக்கும், ஃபெனிடோயின் போன்றவையும் மெலிய வைக்கும். நீண்ட நாள் போடுகிறவர்கள் கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள்.

அவசர மாத்திரையான ஐ-பில் முதல் கூட்டத்தோடு சேரும்போது ஒரு மாத்திரையில் போதிய பலன் தராது. அந்த நிலையில் ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைப்பதுதான் சிறந்த வழி. முடியாதபோது இரட்டை அளவு கொடுக்கும் வழக்கம் உண்டு. கடைக்காரரிடம் பேசி முடிவு செய்யாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

10. மற்ற ஹார்மோன் சிகிச்சைகள்

தைராய்டு மாத்திரையும் ஹார்மோன்தான். எப்டாயின் அல்லது டெக்ரிடால் புதிதாகச் சேர்ந்தால் தைராக்ஸின் தேவை கூடலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் சிகிச்சையில், ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்த சில மாத்திரைகள் வலிப்பைக் கூட்டுவதாகத் தெரியவந்திருக்கிறது, அதனால் அது கட்டாயம்தானா என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்கள் வலிப்பு மாத்திரைத் தாளைப் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

ஹார்மோன் எடுக்கும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் இதே விதிகள்தான் பொருந்தும். எஸ்ட்ராடியால் லாமோட்ரிஜினைக் குறைக்கலாம். முதல் கூட்டத்து மாத்திரைகள் எஸ்ட்ராடியாலையும் டெஸ்டோஸ்டிரோனையும் குறைக்கலாம். பலன் தெரியவில்லை என்பதற்காகத் தோழிகள் சொல்லும் அளவுக்கு ஹார்மோனைக் கூட்டுவதற்கு முன், ரத்தத்தில் இரண்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

11. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது

ஹார்மோனை நிறுத்துவதற்குச் சில மாதம் முன்பே வலிப்பு டாக்டரைப் பாருங்கள். வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்றவற்றை மாற்ற வேண்டி இருந்தால் கரு தங்கும் முன்புதான் மாற்ற முடியும். மாற்றி நிலைக்க மாதங்கள் ஆகும். ஃபோலிக் ஆசிட் எவ்வளவு என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் 5 மில்லிகிராம் எழுதுவார்கள். கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் லாமோட்ரிஜின் அளவு மாதம் ஏற ஏறக் குறையும், பிரசவமானதும் சில நாளில் திரும்பும். அந்த இரண்டு கட்டத்துக்கும் மருந்து அளவுத் திட்டம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். ஸ்ரீ சித்திரையில் வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கென்று 1998 முதல் ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். கரு தங்கும் முன்போ, தங்கியது தெரிந்த உடனேயோ அதில் சேர முடியுமா என்று கேளுங்கள்.